காதுக்கு வானொலி, கண்ணுக்கு மானிட்டர்

காமிக்ஸ் வரைபவரையும் சினிமா டைரக்டரையும் வானொலியில் பேட்டி எடுப்பது வீண் வேலை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். படமே தெரியாத இடத்தில் படத்தைப் பற்றி என்ன பேச்சு என்பது அவர்கள் கேள்வி. ரேடியோ பெட்டி மட்டும் இருந்த வீட்டில் இது நியாயமான கேள்விதான். கம்ப்யூட்டர் வந்துவிட்ட வீட்டில் இந்த வகைப் பேட்டிகளை, வீடியோ பேட்டிகளை விட ஒரு படி மேலாகவே நான் வைப்பேன்.

காரணம் எளிது. வீடியோ பேட்டியில் நம் கண் பேசுபவரின் முகத்தையும் அவர் பின்னால் இருக்கும் புத்தக அலமாரியையும் பார்த்துக் கொண்டிருக்கும். ஒலி மட்டும் வரும்போது கண்ணுக்கு வேலை இல்லை. எதிரே மானிட்டர் சும்மா இருக்கிறது. பேச்சை ஒரு புரோகிராமில் ஓட விட்டு, பேசப்படும் படத்தை இன்னொரு விண்டோவில் திறந்து வைக்கலாமே!

இது இல்லாமலேயே சமாளித்தவர் ஒருவர் உண்டு. 1945 ஜூலையில் நியூயார்க் நகரில் செய்தித்தாள் விநியோகம் செய்பவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை படக்கதைகள் வீடுகளுக்கு வரவில்லை. மேயர் ஃபியோரெல்லோ லா கார்டியா நகரத்தின் சொந்த வானொலியான டபிள்யூ.என்.ஒய்.சி.யில் உட்கார்ந்து, டிக் டிரேசி போன்ற கதைகளைக் குரலை ஏற்றி இறக்கி வாசித்துக் காட்டினார். கேட்ட குழந்தைகள் படத்தை மனதுக்குள் வரைந்து கொள்ள வேண்டியிருந்தது.

நமக்கு அந்தச் சிரமம் இல்லை. நான் முதலில் சிபாரிசு செய்வது ஹிட்ச்காக் பேட்டியைத்தான். 1962 ஆகஸ்டில் பிரெஞ்சு டைரக்டர் பிரான்சுவா த்ரூபோ அமெரிக்காவுக்குப் போய், யுனிவர்சல் ஸ்டுடியோவில் ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் அலுவலகத்தில் பல நாட்கள் உட்கார்ந்து படம் படமாகக் கேள்வி கேட்டார். இவருக்கு ஆங்கிலம் வராது, அவருக்குப் பிரெஞ்சு போதாது. நடுவில் ஹெலன் ஸ்காட் என்ற பெண்மணி மொழிபெயர்த்தார். இந்த உரையாடல் 1966-ல் பிரான்சில் புத்தகமாக வந்தது. சினிமா படிப்பவர்கள் எல்லோரும் அதை அறிவார்கள். டேப்புகள் பிறகு பிரெஞ்சு வானொலியில் 25 பகுதிகளாக ஒலிபரப்பானதும், சுமார் 12 மணி நேர எம்.பி.3 ஃபைல்களாக இன்டர்நெட்டில் பல ஆண்டுகளாகச் சுற்றி வருவதும் பலருக்குத் தெரியாது.

புத்தகத்தில் கேள்வி, பதில் எல்லாம் சலவை செய்து மடித்து வைத்த மாதிரி இருக்கும். டேப்பில் மூன்று குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. ஹிட்ச்காக் நிறுத்தி நிதானமாகப் பேசுபவர். மொழிபெயர்ப்புக்காகவும் அடிக்கடி காத்திருக்கிறார். ஆங்கிலப் பேச்சு வேகமாக ஓடினால் தடுமாறும் நம் காதுகளுக்கு இது பெரிய வசதி. வி.எல்.சி. பிளேயரில் கேட்டால் [ என்ற கீயை அழுத்தி வேகத்தை இன்னும் குறைத்துக் கொள்ளலாம்.

சஸ்பிஷன் (1941) படத்தில் ஒரு காட்சி. கணவன் தனக்கு விஷம் கொடுப்பானோ என்று மனைவி பயந்து கொண்டிருக்கிறாள். கேரி கிராண்ட் இருட்டான மாடிப்படியில் ஒரு டம்ளர் பாலுடன் ஏறி வருகிறார். அந்தப் பால் டம்ளருக்குள் ஒரு சிறிய பல்பை வைத்ததாக ஹிட்ச்காக் பேட்டியில் சொல்கிறார். பார்ப்பவர்களின் கண் டம்ளரை விட்டு நகரக் கூடாதாம். இந்த இடத்தில் பேச்சை நிறுத்துங்கள். அந்தக் காட்சியை வி.எல்.சி.யில் திறந்து E கீயைத் தட்டித் தட்டி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். படிக்கட்டு முழுக்க நிழல். அதில் பால் மட்டும் விளக்கு போல வெளிச்சமாக வருகிறது. பத்து முறை படம் பார்த்தவர்களும் ஏன் பயந்தோம் என்று யோசித்திருக்க மாட்டார்கள். சைக்கோ குளியலறைக் காட்சிக்கும் இப்படியே செய்து பாருங்கள். 45 விநாடிக் காட்சிக்கு 70 கேமரா கோணங்கள், 7 நாள் படப்பிடிப்பு என்கிறார். வெட்டுகளை எண்ணிப் பார்க்கும் வசதி 1960-ல் தியேட்டரில் உட்கார்ந்திருந்த யாருக்கும் கிடையாது.

ஹிட்ச்காக் பெரிய இடம். சின்னப் பட்ஜெட்டில் எடுத்து, ஒரு கூட்டம் விடாமல் தூக்கிப் பிடிக்கும் கல்ட் படங்களுக்கு இந்தப் பேட்டிகள் இன்னும் அவசியம். ஜார்ஜ் ரொமெரோவின் நைட் ஆஃப் த லிவிங் டெட் (1968) இதில் முதல் வரிசை. இதைத் தரவிறக்கிப் பார்ப்பதில் சட்டச் சிக்கலும் இல்லை. வெளியீட்டுக்கு முன் படத்தின் பெயரை மாற்றியபோது, டைட்டிலில் இருக்க வேண்டிய காப்புரிமை வாசகம் விடுபட்டுப் போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச் சொத்தாகிவிட்டது. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாக இருக்கிறது. கதாநாயகனாகக் கறுப்பின நடிகர் டுவேன் ஜோன்ஸை எடுத்தது அரசியலுக்காக அல்ல, நடிப்புத் தேர்வில் அவர்தான் சிறப்பாகச் செய்தார் என்று ரொமெரோ 2017-ல் இறக்கும் வரை பல பேட்டிகளில் சொல்லி வந்தார். படச்சுருளைக் காரின் டிக்கியில் போட்டுக்கொண்டு நியூயார்க் போகும் வழியில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியைக் கார் ரேடியோவில் கேட்டார்களாம். இதைக் கேட்ட பிறகு படத்தின் கடைசிக் காட்சியைப் போட்டுப் பாருங்கள்.

காமிக்ஸ் பக்கம் வந்தால், பி.பி.சி. ரேடியோ 4-ல் 2005-ல் வந்த செயின் ரியாக்ஷன். இந்த வாரம் பதில் சொன்னவர் அடுத்த வாரம் கேள்வி கேட்பார். வாட்ச்மென் எழுதிய ஆலன் மூரை நகைச்சுவைக் கலைஞர் ஸ்டூவர்ட் லீ பேட்டி எடுத்தார். பிறகு மூர், இசைக்கலைஞர் பிரையன் ஈனோவைக் கேள்வி கேட்டார். படம் ரிலீஸாகும் வாரத்தில் எடுக்கும் விளம்பரப் பேட்டிகளை நான் சேமிப்பதே இல்லை. விற்க எதுவும் இல்லாத நேரத்தில்தான் கலைஞர்கள் தொழிலைப் பற்றிப் பேசுகிறார்கள்.

சேமிப்பது என்றேன். அதில்தான் எனக்கு அக்கறை அதிகம். "எல்லாம் நெட்டில் இருக்கிறதே, எதற்கு ஹார்ட் டிஸ்க்கை நிரப்ப வேண்டும்?" என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்கிறார்கள். பி.பி.சி.யின் டெஸர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ் பேட்டி நிகழ்ச்சி 1942 முதல் வருகிறது. தொடக்க காலப் பதிவுகளில் பெரும்பாலானவற்றை நிலையமே வைத்துக் கொள்ளவில்லை. தொலைந்ததாகக் கருதிய 90-க்கும் மேற்பட்ட பேட்டிகள் 2022-ல் ஒரு சேகரிப்பாளர் மூலம் கிடைத்தன. நேயர்கள் வீட்டில் டேப்பில் பிடித்து வைத்தவை அவை. அதே பி.பி.சி., 2025 ஜூலையில் சவுண்ட்ஸ் சேவையைப் பிரிட்டனுக்கு வெளியே மூடியது. சில வானொலிகளை வேறு வழியில் கேட்கலாம் என்றாலும், அதில் குறித்து வைத்திருந்த பட்டியல்களை நம்பியவர்கள் மறுபடி தேட வேண்டியதாயிற்று. 2000-களில் ரியல் ஆடியோவில் வந்தவற்றை இன்றைய பிரவுசர் ஓட்டுவதே இல்லை. கையில் ஃபைல் இருந்தால் வி.எல்.சி. பெரும்பாலும் ஓட்டிவிடும்.

இடமும் ஒரு பிரச்சினை இல்லை. பேச்சுக்கு 64 கே.பி.பி.எஸ். மோனோ தாராளம். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 29 எம்.பி. ஆகும். ஹிட்ச்காக்கின் 12 மணி நேரமும் 350 எம்.பி.க்குள் அடங்கும். 8 ஜி.பி. பென் டிரைவில் 270 மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். பாட்காஸ்ட்டாக வருபவற்றில் டவுன்லோட் பட்டன் இருந்தால் அன்றே இறக்கி விடுங்கள். உங்கள் சொந்த உபயோகத்தோடு நிறுத்திக் கொள்ளுங்கள், மறுபடி ஏற்றி ஊருக்கு விநியோகிக்க வேண்டாம். ஃபைலுக்கு டிராக்01 என்று பெயர் இருந்தால் ஆறு மாதத்தில் உங்களுக்கே என்னவென்று தெரியாது. பேசுபவர், வானொலி, ஆண்டு மூன்றும் ஃபைல் பெயரிலேயே இருக்கட்டும். பேச்சில் வரும் படங்களையும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.