டேட்டாபேஸ் டெவலப்பரும் அந்தக் காலக் கர்ணமும்

பேரப்பிள்ளைகள் டேட்டாபேஸ் டெவலப்பர் ஆகிவிட்டார்கள். அது என்ன வேலை என்பதுதான் நம்மில் பலருக்கு விளங்குவதில்லை. என்னைக் கேட்டால், அது கர்ணம் வேலை. எந்த விவரத்தை எந்தப் பதிவேட்டில் வைப்பது, எதை எதோடு இணைப்பது, கேட்டவுடன் எப்படி எடுப்பது என்று தீர்மானிக்கிற வேலை. சர்வே எண்ணைக் கொண்டு 'அ' பதிவேட்டில் பட்டா எண்ணைக் கண்டுபிடித்து, அதைக் கொண்டு சிட்டாவுக்குப் போவோமே, அதேதான். ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல் வகுத்துத் தந்த அட்டவணை முறையும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

எஸ்.க்யூ.எல். என்கிற மொழியைச் சில மாதங்களில் கற்றுவிடலாம். கடினமானது, ஊர் நடப்பை அறிவது. நம் உடையார்பாளையம் வட்டத்தையே பாருங்கள். 1990-இல் எழுதிய பத்திரத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டம். 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டம். 2002 மார்ச் முடிவில் மறுபடி பெரம்பலூரோடு இணைப்பு. 2007 நவம்பர் 23 முதல் மீண்டும் அரியலூர். நிலம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. மாவட்டம் நான்கு முறை மாறிவிட்டது!

இன்று இணையத்தில் பட்டா பார்க்க முதலில் மாவட்டத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பெயரை அழித்துப் புதியதை எழுதுகிறவர் சுமாரான டெவலப்பர். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எந்த மாவட்டம் என்று வரலாற்றையும் சேர்த்து வைப்பவரே கெட்டிக்காரர். அந்தக் காலப் பதிவேட்டிலும் தவறைச் சுரண்டி அழிக்க மாட்டார்கள். பழையது தெரியும்படி கோடிட்டு, மேலே எழுதிச் சுருக்கொப்பம் போடுவார்கள்.

உட்பிரிவும் அப்படித்தான். ஒரு சர்வே எண் இரண்டாகப் பிரியும்போது, அண்ணன் பங்கு பதிவாகித் தம்பி பங்கு பதிவாகும் முன் மின்சாரம் போனால்? இரண்டும் பதிவாக வேண்டும், இல்லையேல் இரண்டும் பதிவாகக் கூடாது. இதற்கு வழி செய்வதும் அவர் பொறுப்பே. இல்லாவிட்டால் குடும்பத்தில் வழக்குதான்.

ஆகவே என் கருத்து இது. நிலப் பதிவுக்கு மென்பொருள் எழுதப் போகிற பிள்ளைகளை முதலில் ஒரு மாதம் தாலுகா அலுவலகத்தில், ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். பழைய பத்திரத்தோடு வரும் முதியவரிடம் கணினி 'விவரம் இல்லை' என்று சொன்னால், அவருக்கு நிலமே இல்லை என்றுதான் அர்த்தமாகும். அந்த ஒரு வரியின் கனம் தெரிந்தவரே இந்த வேலைக்குத் தகுதியானவர்.