செய்மதி காணாத கிணறு

வானிலிருந்து பார்த்தால் காடும் பச்சை. இருபது வருடங்கள் ஆளில்லாமல் பற்றை மண்டிக் கிடந்த ஊரும் பச்சை. இரண்டுக்குமுள்ள வேறுபாட்டைச் செய்மதிப் படம் தானாகச் சொல்லாது.

காடுகளையும் பூங்காக்களையும் பராமரிக்க இன்று புவியியல் தகவல் முறைமை அவசியம். எல்லை, நீரோடை, யானைப் பாதை, தீப்பற்றிய இடம் என ஒவ்வொன்றையும் தனித்தனிப் படையாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். உயர்தரத்தில் புவியியல் கற்கும் மாணவியாக இதை நான் வரவேற்கிறேன். ஆனால், காணிக்குப் போகாமலே எல்லை போட்டுவிடலாம் என்று நினைத்தால் அங்கேதான் அநீதி தொடங்குகிறது.

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரதேசத்தைப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது மறிச்சுக்கட்டி, கரடிக்குளி மக்களும் ஊரை இழந்தார்கள். போர் 2009இல் முடிந்தது. அதற்குள் அங்கே மரங்கள் வளர்ந்திருந்தன. 2012இல் அப்பகுதியில் ஒதுக்கக் காடு வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்டது. தம்மைக் கேட்காமலே தமது காணிகள் காட்டுக்குள் சேர்க்கப்பட்டன என்றார்கள் மீளத் திரும்பிய மக்கள். வில்பத்துவை அண்டிய காடு அழிகிறது என்றார்கள் சூழல் ஆர்வலர்கள். இரண்டு கவலைகளையும் தட்டிக்கழிக்க முடியாது.

இதற்கு வழிகாட்டவும் அதே தொழில்நுட்பத்தால் முடியும். லாண்ட்சற் செய்மதிகள் 1972 முதல் பூமியைப் படம்பிடிக்கின்றன. 1990க்கு முந்திய படத்தை இன்றைய படத்தோடு ஒப்பிட்டால், அன்று வயலாக இருந்தது எது, காடாக இருந்தது எது என்று பெருமளவு பிரித்தறியலாம். ஆனால் அன்றைய லாண்ட்சற் படங்களில் மிகத் தெளிவானதிலும் ஒரு புள்ளி என்பது நிலத்தில் 30 மீற்றர்ச் சதுரம். வீட்டுக் கிணறோ ஒரு கபுறோ அதில் தெரியாது. அவற்றைக் காட்டப் பழைய காணி உறுதியும் ஊர்ப் பெரியவர்களின் ஞாபகமும் வேண்டும்.

ஆகவே, வர்த்தமானி வெளிவருமுன் வரைபடத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அதிகாரிகள் ஊராரையும் கூட்டிக்கொண்டு எல்லை வழியே நடந்து, ஜீ.பி.எஸ். கருவியில் ஒவ்வோர் இடமாகப் பதிய வேண்டும். அப்படிச் செய்தால் உண்மையான உரிமையாளருக்குக் காணி கிடைக்கும். மீள்குடியேற்றத்தின் பெயரால் காட்டை வெட்டிப் பிடிக்க நினைப்பவரையும் அதே வரைபடம் காட்டிக்கொடுக்கும். அதற்கும் நாம் உடன்பட வேண்டும்.

காடு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அடுத்தவரின் காணியும் அப்படித்தான். ஒன்றைக் காக்க மற்றதைப் பறிக்காத வரைபடமே நமக்குத் தேவை.