விபத்துக் கணக்கின் மெய்ம்மை

மதுரையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் நோக்கிச் சரக்கு லாரிகள் இரவும் பகலும் விரையும் நால்வழிச் சாலையில், எட்டயபுரத்தருகே ஓர் உயிர் பிரிந்தால், ஆராய்வோருக்குப் பெரும்பாலும் ஆதாரமாவது போலீஸாரின் முதல் தகவல் அறிக்கையே. அதுவோ குற்ற விசாரணைக்காக எழுதப்படுவதேயன்றி, சாலையின் தோஷத்தைக் கண்டறிய எழுதப்படுவதன்று. 2021-இல் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,53,972 பேர் என அரசாங்கம் கூற, உலக சுகாதார நிறுவனமோ ஏறத்தாழ 2,16,000 பேர் என மதிப்பிடுகிறது. இத்துணை வித்தியாசம் இருக்க, எந்த வளைவைத் திருத்துவது, எங்கே விளக்கு நடுவது என நிச்சயிப்பது எங்ஙனம்? சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய விபத்துத் தரவுத்தளம், சம்பவ ஸ்தலத்தைக் கைப்பேசி வழியே பதிவு செய்ய வகைசெய்திருப்பது நற்பணியே. ஆயினும், ஆஸ்பத்திரியில் சில தினங்கள் கழித்து இறப்போரின் விவரமும் தவறாது இணைக்கப்பட்டு, பெயர் நீக்கிய தகவல்கள் ஆராய்ச்சியாளருக்குத் தாராளமாக வழங்கப்பட்டாலன்றி, அதன் பூரண பிரயோஜனம் ஜனங்களுக்குக் கிட்டாது.