சலவைத் தொட்டியருகே ஒரு செபம்

பிரான்சின் லிசியே நகரக் கார்மேல் மடத்தில் 1888இல் தம் 15ஆம் வயதில் சேர்ந்து, காசநோயால் 1897இல் 24 வயதில் மறைந்த புனித குழந்தை இயேசுவின் தெரேசாவை, 1997இல் திருச்சபை மறைவல்லுநராக, அதாவது விசுவாசத்தைக் கற்பிக்கும் ஆசிரியராக, அறிவித்தது. அவர் காட்டிய 'சிறு வழி' என்பது அன்றாடச் சிறு செயல்களையே இறையன்புக்காகச் செய்வது. துணி துவைக்கையில் எதிரே நின்ற சகோதரி அழுக்கு நீரை முகத்தில் தெறிக்கவிட்டபோது துடைத்துக்கொள்ளாமல் பொறுத்ததும், தியான வேளையில் பின்னாலிருந்து எழுந்த எரிச்சலூட்டும் ஓசையை இனிய இசைபோல் செவிமடுத்து இறைவனுக்குக் காணிக்கையாக்கியதும் அந்த வழியில் அவர் மேற்கொண்ட பயிற்சிகள். புனிதர்களிடம் வரம் வேண்டி மெழுகுதிரி ஏற்றும் பக்தி போற்றத்தக்கதே எனினும், அவர்களிடம் கற்க முனையாத பக்தி குறையுடையதே. செபவேளையில் தாம் தூங்கிவிடுவதையும் தெரேசா மறைக்காமல் எழுதியிருப்பதால், மனம் சிதறுகிறதே என வருந்திச் செபமாலையைக் கீழே வைத்துவிடுவோரும் அவரைத் தயங்காமல் நாடலாம்.