விசில் மட்டும் இருந்தால் போதாது

அக்கரப்பத்தனையில் பிறந்த யாருக்கும் தண்ணீர் புதுசில்லை. ஆக்ரா ஓயா எங்கள் தோட்டங்களைத் தொட்டுக்கொண்டு இறங்கித்தான் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போகுது. ஆனாலும் நீச்சலைப் பற்றி எங்களுக்கு வீட்டில் கிடைத்த ஒரே பாடம், “ஆத்துப் பக்கம் போகாத.” நீச்சல் என்றால் டவுன் ஸ்கூல் பிள்ளைகளின் விளையாட்டு என்றே பழகிவிட்டோம்.

தோட்டத்துப் பிள்ளைகளும் நீச்சல் போட்டிக்குப் போகணும் என்று பேச்சு வந்தால் முதலில் நாம் கேட்பது தடாகம். கேட்கத்தான் வேணும். ஆனால் அதற்கும் முன்னால், அன்றைய பயிற்சியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரும் பயிற்றுவிப்பாளரைக் கேட்க வேண்டும் என்கிறோம் நாங்கள்.

“நல்லா நீந்துறவனுக்கு என்ன ஆகப்போகுது?” என்பாங்க. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையைப் போகவர நீந்திக் கடந்தவர். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் இறந்தார். அமெரிக்க வீரர் பிரான் கிரிப்பன் 2010இல் புஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் கடல் போட்டியில் இறந்தபோது வயது 26. மற்றவர்கள் நீந்தி முடித்த பிறகுதான் அவர் வரவில்லை என்பதே தெரிந்தது. இன்று திறந்த நீர்ப் போட்டிகளில் நீர் 16 பாகைக்குக் குறையவும் கூடாது, 31 பாகையைத் தாண்டவும் கூடாது என்று விதி இருக்கிறது.

சரி, அந்தத் தாளில் என்ன இருக்கணும்?

முதலில் தலை எண்ணிக்கை. இறங்கும்போது எத்தனை பேர், ஏறும்போது எத்தனை பேர். கற்றுக்கொடுக்கிறவரைத் தவிர, தண்ணீரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர். அவர் கையில் போன் இருக்கக் கூடாது.

அடுத்து, வயதைப் பார்க்காமல் திறமையைப் பார்த்துப் பிரித்த குழுக்கள். மெதுவான தொடக்கம், நடுவில் கடினமான பகுதி, கடைசியில் உடலை ஆற விடும் நீச்சல். 50 மீட்டரை எட்டு முறை நீந்தச் சொல்லி, ஆறாவதிலேயே ஒரு பிள்ளையின் கை தளர்ந்தால், ஓய்வைக் கூட்டணும். இல்லாவிட்டால் அதோடு நிறுத்தணும். கத்தி விரட்டுவது பயிற்சி ஆகாது.

மூச்சடக்கும் போட்டி வேண்டவே வேண்டாம். வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு மூழ்கினால் உடம்பில் கரியமிலவாயு குறைந்துவிடும். மூச்சு விடணும் என்ற உந்துதல் வருவதற்கு முன்பே மயக்கம் வரலாம், சத்தமே இல்லாமல். ஆழம் குறைந்த பக்கத்தில் தலைகீழாகப் பாய்வதும் கூடாது. போட்டி விதிப்படியே, பாயும் மேடைக்கு முன்னால் குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் வேண்டும்.

எங்கள் ஊருக்கென்றும் சில வரிகள் இருக்கு. இங்கே தண்ணீர் குளிர்ந்தது. திடீரென்று குதித்தால் மூச்சு தானாகவே உள்ளே இழுக்கும். வாய் தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரை. அதனால் மெல்ல இறங்கணும். உதடு நீலமானால் உடனே ஏறணும். ஏப்ரல், ஒக்டோபர் பின்னேரங்களில் இடி கேட்டால் எல்லாரும் வெளியே. கடைசி இடி முழங்கி 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப இறங்கலாம். வெறும் தேத்தண்ணியோடு டிவிசனிலிருந்து நடந்து வந்த பிள்ளையிடம் “சாப்பிட்டியா?” என்று கேட்பதும் அந்தத் தாளில் ஒரு வரிதான்.

“தடாகம் வரும்வரை ஆத்துலயே பழகட்டும்” என்பதை மட்டும் நாங்கள் ஏற்கவில்லை. மேலே பெய்த மழை இங்கே வெள்ளமாக வரும். பாறை வழுக்கும், ஆழம் தெரியாது.

கொழுந்து பறிக்கப் போகும் அம்மா, “எம்புள்ள பத்திரமா வருமா?” என்று கேட்டால், “பயப்படாதீங்க” என்பது பதில் ஆகாது. அந்தத் தாளை அவங்க கையில் கொடுத்து வாசித்துக் காட்டணும். தாள் இல்லையா? அன்றைக்குப் பிள்ளைகள் தண்ணீரில் இறங்க வேண்டாம்.