தலைப்பிரசவமும் தாய் வீடும்

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது சித்தூர், திருப்பதி வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஆனால் பிரசவத்துக்குத் தாய் வீடு போவது வேறு. வீட்டிலேயே பிள்ளை பெறுவது வேறு. "அந்தக் காலத்தில் மருத்துவச்சி கையில் பிள்ளைகள் பிறக்கவில்லையா?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிறந்தார்கள், போன உயிர்களின் கணக்கைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.

2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் காணொளியின் துணையோடு வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் 28 வயதுப் பெண் ஒருவர் இரத்தப்போக்கால் மாண்டார். குழந்தை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை.

இத்தகைய முயற்சியில் இறங்குவோரை ஏசுவது எளிது. ஆனால் அவர்களது அச்சம் காரணமற்றதல்ல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆந்திரத்தில் நூறு பிறப்புகளில் 42 அறுவை சிகிச்சை மூலம் நிகழ்ந்தவை. கத்திக்கும், பிரசவ அறையில் தன்னந்தனியே கிடப்பதற்கும் தலைச்சன் கர்ப்பிணி அஞ்சுவது இயல்பே.

ஆயினும் முதல் பிரசவம் துணிச்சலைக் காட்டும் இடமல்ல. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் வீட்டுக்கே வரும் இங்கிலாந்தில் 2011-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. சிக்கல் ஏதும் எதிர்பார்க்கப்படாத பெண்களிலேயே, முதல் பிரசவத்தை வீட்டில் தொடங்கிய நூறு பேரில் 45 பேரை மருத்துவமனைக்கு மாற்ற நேர்ந்தது. சிசுவுக்குக் கடுந்தீங்கு நேர்ந்தது மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5 என்றால், வீட்டில் 9. அங்கேயே அப்படி என்றால், பேருந்துகூட எட்டிப் பார்க்காத நம் சிற்றூர்களின் நிலையைச் சொல்ல வேண்டுமா? பிள்ளை பிறந்தபின் கருப்பை சுருங்காவிட்டால் சில நிமிடங்களில் அரை லிட்டருக்கு மேல் இரத்தம் போய்விடும். அதை நிறுத்தும் ஊசி மருந்தும், ஏற்றுவதற்கு இரத்தமும் வீட்டு அலமாரியில் கிடைப்பதில்லை.

தாய் வீட்டின் அருமை பிரசவத்துக்குப் பின்னர்தான். வெந்நீரும், பத்தியச் சோறும், அம்மாவின் துணையும் எந்த மருத்துவமனையும் தர முடியாதவை. ஆனால் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும், சிசுவுக்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதும், பிள்ளை பெற்றவளுக்குத் தாகத்துக்கும் தண்ணீர் மறுப்பதும் பத்தியமல்ல, கேடு.

மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் ஆஷா பணியாளர் வீடு தேடி வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. சித்தூரில் பதிவு செய்துகொண்டு வேலூருக்கோ திருத்தணிக்கோ தாய் வீடு செல்லும் பெண்ணை யார் பார்ப்பது? மாநில எல்லை காகிதத்துக்கு உண்டு, காய்ச்சலுக்கு இல்லை. இரு மாநிலச் சுகாதாரத் துறைகளும் இந்தப் பெயர்களை ஒன்றுக்கொன்று தெரிவிக்க வேண்டும். பெண்ணின் பெற்றோரும் அவள் வந்த அன்றே கிராமச் செவிலியரிடம் சொல்லிவிட வேண்டும்.

பிரசவ அறையில் உறவுக்காரப் பெண் ஒருவர் துணையிருக்க 2016-இல் மத்திய அரசு இடமளித்தது. அது ஏட்டளவில் நிற்காமல் எல்லா மருத்துவமனைகளிலும் நடைமுறைக்கு வரட்டும். அம்மா பக்கத்தில் இருந்தால் மகளின் அச்சம் பாதி தீரும். பிரசவம் மருத்துவமனையில், பேறுகால ஓய்வு தாய் வீட்டில் என்பதே தாயையும் சேயையும் காக்கும் வழி.