ஏற்காட்டு வீட்டுக்குச் சுண்ணாம்பும் மரமும்

ஏற்காட்டில் புதிதாக எழும் வீடுகளுக்குள் ஜிப்சம் கூரையும் பளபளக்கும் பிவிசி பலகையும் ஏறுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், ஐப்பசி மழையும் மூடுபனியும் சேர்ந்தால் ஜிப்சம் ஈரத்தை உறிஞ்சி மூலையெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். சுண்ணாம்புப் பூச்சோ ஈரத்தை வாங்கி, வெயில் வந்ததும் விட்டுவிடும். ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் மூங்கில் தட்டியில் மண் பூசி, புல் வேய்ந்து, சாணம் மெழுகிய தரையில் வாழ்ந்தவர்கள். வேண்டாத சாமான் சேர அந்த வீடுகளில் இடமே இருந்ததில்லை. இன்றைய வீட்டிலும் கூடத்துக்கு வெள்ளைச் சுவர், பவானி ஜமக்காளம், காப்பிக்கு நிழலாக நட்ட சில்வர் ஓக்கில் ஒரு பெஞ்சு போதும். அறுத்த பலகையை மட்டும் நன்றாக உலரவிடுங்கள். அவசரப்பட்டு இழைத்தால் மழைக்காலத்தில் முறுக்கிக்கொள்ளும்.